எதன் மேல் நிற்கிறது அந்தப் புகைபோக்கி? வீட்டு ஆய்வு எதற்கு, எதுவரை

1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஸ்மித் என்ற பெண்மணி ஓர் எளிய வீட்டை வாங்க முடிவு செய்தார். விலை 18,000 பவுண்டு. அதில் 3,500 பவுண்டு மட்டும் கடனாகத் தேவைப்பட்டது. அபே நேஷனல் என்ற வீட்டுக்கடன் சங்கத்திடம் விண்ணப்பித்தார். கடன் கொடுப்பதற்கு முன்னால் வீட்டின் மதிப்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தச் சங்கங்களுக்கு அப்போது இருந்த சட்டக் கடமை. அதற்காகச் சங்கம் எரிக் எஸ். புஷ் என்ற மதிப்பீட்டு நிறுவனத்தை அனுப்பியது. கட்டணம் 36 பவுண்டு 89 பென்ஸ். அதைக் கட்டியவர் ஸ்மித்.

நிறுவனத்தின் ஆள் வந்தார், பார்த்தார், அறிக்கை எழுதினார். வீட்டின் மதிப்பு 16,500 பவுண்டு. கட்டாயம் செய்ய வேண்டிய பழுதுவேலை எதுவும் இல்லை. அறிக்கையின் பிரதி ஸ்மித்துக்கும் கிடைத்தது. படித்தார், நம்பினார். தனியாக வேறு யாரையும் வைத்துப் பார்க்காமல் வீட்டை வாங்கினார்.

குடிவந்து சுமார் 18 மாதம் ஆகியிருந்தது. கூரைக்கு மேலே நின்ற புகைபோக்கியின் செங்கற்கள் சரிந்து, கூரையைப் பிளந்து, பரணுக்குள் விழுந்து, அங்கிருந்து படுக்கையறைக்குள்ளும் வந்து விழுந்தன.

இதிலிருந்து எழுந்ததுதான் ஸ்மித் எதிர் எரிக் எஸ். புஷ் வழக்கு. கீழ் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று ஏறி, 1989 ஏப்ரலில் அந்நாட்டின் அப்போதைய உச்ச அமைப்பான பிரபுக்கள் அவையில் முடிந்தது. வீடு வாங்குவதற்கு முன் செய்யும் ஆய்வுக்கு எல்லை உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த எல்லையை ஆய்வாளர் தன் வசதிக்கேற்ப வரைந்துகொள்ள முடியாது. இதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு சம்பவம் எனக்குத் தெரியாது. வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் ஆய்வைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

நடுவில் காணாமல் போன செங்கல்

நம் ஊர் வீடுகளில் புகைபோக்கி என்றால் சமையலறைக் கூரையின் மேல் நிற்கும் ஒரு சின்னக் கூண்டு. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் அது பெரிய கட்டுமானம். கீழ்த்தளத்தில் கணப்பு அடுப்பு. அதன் மேல் தூண் போல ஒரு செங்கல் கட்டு எழுந்து, முதல் மாடி அறையையும் பரணையும் கடந்து, கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். ஒவ்வோர் அறையிலும் சுவரை விட்டு ஓரடி, ஒன்றரை அடி துருத்திக்கொண்டு நிற்கும். மேலே இருக்கும் ஒவ்வொரு செங்கல்லும் கீழே இருக்கும் செங்கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. அப்புறம் மெல்ல மெல்ல வீடு முழுவதையும் சூடாக்கும் சென்ட்ரல் ஹீட்டிங் வந்தது. கரி அடுப்பு தேவையில்லாமல் போனதும் இந்தத் துருத்தல் இடத்தை அடைக்கும் தொந்தரவாகிவிட்டது. சின்ன அறையில் அதை இடித்து எடுத்தால் ஓர் அலமாரிக்கு இடம் கிடைக்கும். எடுப்பதில் தப்பில்லை. எடுத்த இடத்துக்கு மேலே மிச்சமிருக்கும் எடையைத் தாங்க ஓர் இரும்பு உத்தரம் போட்டாக வேண்டும், அவ்வளவுதான். ஒரு கன மீட்டர் செங்கல் கட்டு ஏறத்தாழ 2 டன் இருக்கும். அதை அந்தரத்தில் விட முடியாது.

ஸ்மித் வாங்கிய வீட்டில் முதல் மாடியில் இரண்டு இடங்களில் இந்தக் கட்டை எடுத்திருந்தார்கள். பரணில் இருந்த பகுதியும் கூரைக்கு மேலே இருந்த பகுதியும் அப்படியே நின்றன. அடியில் சரியான தாங்கல் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட கட்டு அன்றைக்கே விழுந்துவிடாது. சுவரோடு இருக்கும் காரைப் பிடிப்பில் சில மாதம், சில வருடம் கூட நிற்கும். அதுதான் இதிலுள்ள ஆபத்து. விழுகிற வரைக்கும் வீடு பார்க்க நன்றாகவே இருக்கும்.

இந்த வழக்கில் என் மனதை விட்டு அகலாத ஒரு விவரம் உண்டு. மதிப்பீட்டாளர் அசட்டையாகச் சுற்றிவிட்டுப் போனவர் அல்ல. முதல் மாடியில் கட்டு எடுக்கப்பட்டிருப்பதை அவர் கவனித்திருந்தார். அதன் மேல்பகுதி இப்போது எதன் மேல் நிற்கிறது என்பதை மட்டும் போய்ப் பார்க்கவில்லை.

சுவரை உடைக்க வேண்டாம், தரையைப் பெயர்க்க வேண்டாம், கருவி எதுவும் வேண்டாம். தெருவில் நின்று பார்த்தால் கூரை மேல் புகைபோக்கி தெரிகிறது. மாடி அறையில் நின்றால், அது இறங்கி வர வேண்டிய இடத்தில் சமதளமாக வெறும் சுவர். இரண்டையும் சேர்த்து நினைத்தால் கேள்வி தானாக எழும். பரணுக்குள் தலையை நீட்டி டார்ச் அடித்துப் பார்த்தால் பதில் கிடைத்திருக்கும்.

யாருக்காக வந்த கண்

ஸ்மித் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தில் ஒரு வாசகம் இருந்தது. அறிக்கையில் உள்ளவை சரியானவை என்று சங்கமோ மதிப்பீட்டாளரோ உறுதி தரவில்லை; எந்தப் பொறுப்பும் ஏற்காமல்தான் அறிக்கை தரப்படுகிறது என்பது அதன் சாரம். இது கட்டடத்தின் உறுதியைப் பார்க்கும் முழு ஆய்வு அல்ல, தேவையானால் தனியாக ஆலோசனை பெற்றுக்கொள்ளுங்கள் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இதைக் காட்டித்தான் நிறுவனம் வாதாடியது.

அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. கடன் கொடுப்பவருக்காகச் செய்யும் மதிப்பீடு வேறு, வாங்குபவருக்காகச் செய்யும் ஆய்வு வேறு. இதைப் புரிந்துகொள்ள இந்த வழக்கின் எண்களே போதும். சங்கம் கொடுக்கப்போவது 3,500 பவுண்டு. வீட்டின் மதிப்பு 16,500. நாளைக்கு ஸ்மித் தவணை கட்டவில்லை என்றால் வீட்டை விற்று 3,500-ஐ எடுக்க முடியுமா? புகைபோக்கி விழுந்த பிறகும் தாராளமாக எடுக்கலாம். ஆக, சங்கத்தின் கேள்விக்கு அந்த அறிக்கை சரியான பதில்தான். ஆனால் மீதி 14,500 பவுண்டு ஸ்மித்தின் பணம். புகைபோக்கியின் அடியில் படுத்துத் தூங்கப்போவதும் அவர்தான். அவருடைய கேள்வி வேறு. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டு முடித்தாயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு இது நன்றாகவே புரியும். வங்கி தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்பும், வக்கீலிடம் பத்திரங்களைக் கொடுத்துக் கருத்துக் கேட்கும், கட்டணத்தை நம் கணக்கில் எழுதும். "பேங்க்காரங்களே பார்த்துட்டுத்தானே லோன் கொடுக்கிறாங்க, அப்புறம் என்ன?" என்ற பேச்சை எத்தனை வீடுகளில் கேட்டிருப்போம். அந்தக் கண் வங்கியின் பணத்தைப் பார்க்க வந்த கண். மாடித் தளத்தில் நீர் இறங்குகிறதா, தூணுக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் அதன் வேலையில் முதலிடத்தில் இல்லை. நம்முடைய வாழ்நாள் சேமிப்பு அந்தச் சுவருக்குள் போகிறதென்றால், நமக்காகவே பார்க்கும் ஒருவரைத் தனியாகக் கூப்பிடுவதில் தயங்கவே கூடாது.

பிரபுக்கள் அவை சொன்னது

சரி, மதிப்பீட்டின் நோக்கமே வேறு என்றால் ஸ்மித் தோற்றிருக்க வேண்டுமே? தோற்கவில்லை. ஐந்து நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். கீழ் நீதிமன்றம் அவருக்கு வழங்கியிருந்த சுமார் 4,380 பவுண்டு இழப்பீடு நிலைத்தது.

அவர்கள் போன வழி முக்கியமானது. எளிய வீடு வாங்கும் மக்களில் மிகப் பெரும்பாலோர் தனி ஆய்வு செய்வதில்லை, கடன் கொடுப்பவரின் மதிப்பீட்டை நம்பியே வாங்குகிறார்கள். இதற்கு முந்தைய யியானி வழக்கிலேயே அதற்குச் சான்று காட்டப்பட்டிருந்தது. இது மதிப்பீட்டாளர்களுக்கும் தெரியும். கட்டணத்தைக் கட்டுவது யார் என்பதும் தெரியும். தெரிந்தே செய்யும் வேலையில், அறிக்கையை யார் நம்புவார்களோ அவர்களுக்கும் கவனத்தோடு செய்யும் கடமை உண்டு என்றார்கள்.

பொறுப்பில்லை என்ற அந்த வாசகம்? 1977-இன் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டப்படி, அப்படிப்பட்ட வாசகம் நியாயமானதாக இருந்தால்தான் செல்லும். அதை எடைபோட, ஐந்து நீதிபதிகளில் ஒருவரான லார்டு கிரிஃபித்ஸ் சில கேள்விகளை எழுப்பினார். இரு தரப்புக்கும் பேரம் பேசும் பலம் சமமா? செலவையும் நேரத்தையும் பார்த்தால், வேறு இடத்தில் ஆலோசனை வாங்குவது நடைமுறையில் முடிகிற காரியமா? பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் அளவுக்கு அந்த வேலை கடினமானதா? இழப்பை யார் தாங்கினால் குறைவாக வலிக்கும்? முதல் வீட்டை வாங்கும் ஒருவரை ஒரேயடியாக நொறுக்கிவிடும் இழப்பு, காப்பீடு வைத்திருக்கும் தொழில்காரர்களிடம் போனால் கட்டணத்தில் சிறிது கூடுவதோடு பரவலாகக் கரைந்துவிடும். மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் நமக்கு இங்கே வேண்டியது: கவனமாகக் கண்ணால் பார்த்தால் தெரியும் குறைகளை மட்டுமே அவரிடம் எதிர்பார்க்கிறோம். அது கடினமான வேலை அல்ல.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று அவர் சொல்லவில்லை. பெரிய வணிகக் கட்டடம், அடுக்குமாடித் தொகுதி, மிக விலையுயர்ந்த வீடு என்றால் கணக்கு மாறலாம் என்று வாசலைத் திறந்தே வைத்தார். 2011-இல் ஸ்கல்லியன் வழக்கில், வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்கியவருக்கு இதே பாதுகாப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் தரவில்லை. அங்கே வாங்குவது ஒரு முதலீடு என்பது அவர்கள் கண்ட வேறுபாடு.

ஸ்மித்தின் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொன்று ஹாரிஸ் தம்பதியுடையது. கிடர்மின்ஸ்டர் ஊரில் தங்கள் முதல் வீட்டை 1978-இல் வாங்கினார்கள். கடன் கொடுத்தது வயர் ஃபாரஸ்ட் மாவட்ட மன்றம். மதிப்பிட்டவரும் மன்றத்தின் ஊழியரே. அந்த அறிக்கையை ஹாரிஸ் தம்பதி கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கடன் கிடைத்தது, அதனால் வீடு நன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து விற்கப் போனபோது, வாங்க வந்தவர் கடனுக்காக அதே மன்றத்துக்குப் போனார். கட்டடத்தைச் சரிசெய்தால்தான் கடன் என்று மன்றம் சொல்லிவிட்டது. வீடு மண்ணுக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது. சரிசெய்ய ஆகும் செலவு, அவர்கள் வாங்கிய விலையையே தாண்டியது. அவர்களும் வென்றார்கள்.

அரை மணி நேரமும் ஒரு நூலும்

கடனுக்கான மதிப்பீடு 20, 30 நிமிடத்தில் முடியும் வேலை. அதே காலத்தில் வந்த ராபர்ட்ஸ் எதிர் ஹாம்ப்சன் வழக்கில் நீதிபதி இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். கம்பளத்தைச் சுருட்ட வேண்டாம், கனமான சாமான்களை நகர்த்த வேண்டாம், எட்டாத இடத்துக்கு ஏற வேண்டாம். ஆனால் கண்ணுக்குப் பட்ட ஏதோ ஒன்று சந்தேகத்தைக் கிளப்பினால், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கம்பளத்தின் மூலையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும், நாற்காலியை நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம் தேவைப்பட்டால் இரண்டு மணி நேரம் கொடுத்தாக வேண்டும். கட்டணம் ஒரே அளவுதானே என்று சொல்லித் தப்ப முடியாது. சில வீடு சீக்கிரம் முடியும், சில வீடு இழுக்கும்.

எனக்கு இது ஆய்வுக்கு மிகச் சரியான வரையறையாகப் படுகிறது. கைக்கும் ஏணிக்கும் எல்லை வைக்கலாம். பார்த்ததை யோசிப்பதற்கு எல்லை கிடையாது. மாடியில் கட்டு இல்லை என்று கண்ட கணத்தில் அந்த அரை மணி நேரக் கணக்கு காலாவதியாகிவிட்டது.

தடயமே இல்லாத வீடுகள்

ஆனால் நூலே இல்லாத வீடுகளும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் 1983 முதல் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு நேர்ந்தது அதுதான்.

அங்கே வீடுகளின் அடித்தளச் சுவர் கான்கிரீட்டால் ஆனது. அந்தக் கான்கிரீட்டுக்குப் போன ஜல்லியில், ஒரு கல்குவாரியிலிருந்து வந்ததில், பைரோடைட் என்ற இரும்பு சல்ஃபைடு கனிமம் கலந்திருந்தது. காற்றும் ஈரமும் பட்டால் அது ஆக்ஸிஜனேற்றம் அடையும். அதில் உண்டாகும் சல்ஃபேட்டு சிமென்டோடு வினைபுரிந்து புதிய படிகங்களை உருவாக்கும். அந்தப் படிகங்களுக்கு முன்பு இருந்ததைவிட அதிக இடம் வேண்டும். சுவர் உள்ளுக்குள்ளிருந்தே வீங்கும், வலை பின்னியது போல விரிசல் விடும், கடைசியில் கையில் உதிரும். இதெல்லாம் நடக்கப் பெரும்பாலும் 10, 15, 20 வருடம், சில வீடுகளில் அதற்கும் மேலே ஆகிறது.

இப்போது நினைத்துப் பாருங்கள். கட்டி எட்டு வருடமான ஒரு வீட்டை ஒருவர் வாங்குகிறார். நல்ல ஆய்வாளரைத் தன் காசில் வைக்கிறார். அவரும் மனசாட்சியோடு மூன்று மணி நேரம் பார்க்கிறார். சுவரில் ஒரு கீறலும் இல்லை. அறிக்கையில் அடித்தளம் நன்று என்று எழுதுகிறார். எழுதியது பொய்யல்ல. கான்கிரீட்டுக்குள் என்ன கனிமம் இருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்லவே முடியாது. சுவரில் துளையிட்டு உருளையாக ஒரு துண்டை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். விற்பவர் தன் வீட்டுச் சுவரில் துளையிட விடுவாரா என்பது வேறு சங்கடம்.

சரிசெய்வது என்றால் வீட்டை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கி, அடித்தளத்தை முழுவதும் இடித்து, புதிதாகக் கட்ட வேண்டும். செலவு எளிதாக 1,50,000 டாலரைத் தாண்டும். வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகள் "சரிவு" என்ற சொல்லுக்கு வைத்திருந்த விளக்கத்துக்குள் இந்த மெல்ல உதிர்வது அடங்காமல் பலரும் கைவிடப்பட்டார்கள். கடைசியில் மாநில அரசே இதற்கென ஒரு காப்பீட்டு அமைப்பை உருவாக்கியது. 2019 முதல் அது விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கியது. மாநிலத்தின் கடன்பத்திரப் பணமும், வீட்டுக் காப்பீடு வைத்திருப்போரிடம் வருடத்துக்கு வாங்கும் 12 டாலரும் அதற்குப் போகின்றன.

இந்த வீடுகளில் ஆய்வாளர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று உண்டு. விஷயம் வெளியே தெரிந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அந்தப் பகுதியில், அந்த ஆண்டுகளில் கட்டிய வீடு என்பதே ஒரு தடயமாகிவிட்டது. சுவரில் எதுவும் தெரியாவிட்டாலும், இது அந்த வட்டாரத்து வீடு, கான்கிரீட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுத வேண்டிய கடமை வந்துவிட்டது. ஆய்வின் எல்லை சுவரில் மட்டும் இல்லை. அன்றைக்குத் தொழில் அறிந்திருப்பது எவ்வளவு என்பதிலும் இருக்கிறது.

அறிக்கையை எங்கிருந்து படிப்பது

பிரிட்டனில் மதிப்பீட்டாளர்களுக்கான அரச பட்டயக் கழகம் 2021 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்த தரநிலைப்படி, வீட்டு ஆய்வு மூன்று நிலைகளில் நடக்கிறது. முதல் நிலை சுருக்கமானது, மூன்றாம் நிலை பழைய, மாற்றிக் கட்டிய, சிக்கலான வீடுகளுக்கானது. ஒவ்வொரு பகுதிக்கும் 1, 2, 3 என்று நிலைக்குறி போடுவார்கள். 3 என்றால் உடனே கவனிக்க வேண்டியது. இவற்றோடு நான்காவதாக, பார்க்கப்படவில்லை என்ற குறியும் உண்டு.

பெரும்பாலோர் 3 எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டு அறிக்கையை மூடிவிடுகிறார்கள். நான் கேட்டுக்கொள்வது, பார்க்கப்படவில்லை என்ற குறி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள் என்பதுதான். பரண் கதவு பூட்டியிருந்தது, கீழ்த்தளச் சுவர் முழுக்கப் பலகை அடித்திருந்தது, சமையலறைத் தரையில் கம்பளம் ஒட்டியிருந்தது, மின் இணைப்பைச் சோதிக்கவில்லை, கழிவுநீர்க் குழாயின் மூடியைத் திறக்க முடியவில்லை. இப்படி இருந்தால், நீங்கள் அந்த இடங்களைப் பார்க்காமலே வாங்குகிறீர்கள். விற்பவரிடம் சாவி கேட்டு இன்னொரு முறை பார்க்க வைக்கலாம். "மேற்கொண்டு சோதிக்கப் பரிந்துரைக்கிறோம்" என்ற வரியும் அப்படித்தான். தற்காப்புக்காக எழுதிய வரி என்று அதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. சில அறிக்கைகளில் அது உண்மையிலேயே தற்காப்புதான். பத்து இடத்தில் ஒரே வாசகம் வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும், காரணத்தோடு எழுதியிருந்தால், ஆய்வாளர் ஒரு நூலைப் பிடித்து உங்கள் கையில் கொடுக்கிறார் என்று பொருள். அதற்கான பொறியாளரையோ எலக்ட்ரீஷியனையோ கூப்பிடுவது கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

முடிந்தால் ஆய்வு நடக்கும் நாளில் கூடவே போங்கள். அறிக்கையில் வராத பேச்சு அங்கே நடக்கும். பழைய இங்கிலாந்து வீடு என்றால், முதலில் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று கூரையில் எத்தனை புகைபோக்கிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் உள்ளே போய் ஒவ்வோர் அறையிலும் அவை இறங்கி வருகின்றனவா என்று பாருங்கள். எங்கேயாவது கணக்கு உதைத்தால், பரணுக்கு ஏணி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.